செம்பும் கைபேசியும்

1958-ஆம் ஆண்டில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பை ஏற்று நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து, ஓர் அறிக்கை எழுதினார்கள். நாற்காலி முதலிய பொருள்களை வடிவமைப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள் அவர்கள். அவ்வறிக்கையின் பயனாக 1961-ஆம் ஆண்டில் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களுள் எதனை அவர்கள் மிகவும் வியந்து போற்றினார்கள் என்று நினைக்கிறீர்கள்? அரண்மனைகளில் உள்ள அலங்காரப் பொருள்களை அல்ல. நம் வீடுகளில் தண்ணீர் முகந்து குடிக்கும் சாதாரணச் செம்பை!

அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பல கேள்விகளை எழுப்பினார்கள். இது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? இதைத் தூக்கும் கை பெரியதா, சிறியதா? நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கும், காலியாக இருக்கும்போது எப்படி நிற்கும்? உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா? கண்ணைத் திறந்து பார்த்தால் இன்பம் தருவது, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இன்பம் தருமா? விலை என்ன? இக்கேள்விகள் அனைத்துக்கும் செம்பு விடை வைத்திருந்தது. ஏனெனில், தனி ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்த பொருள் அன்று அது. தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியவர்களின் கைகளே அதனைச் செதுக்கி வந்திருக்கின்றன.

இன்று நம் கையில் செம்பைக் காட்டிலும் அதிக நேரம் தங்கியிருக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் கைபேசி. பஞ்சாங்கக்காரர் கிரகப் பெயர்ச்சியை எதிர்பார்ப்பது போல், புதிய கைபேசிகள் வெளிவரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருப்பவன் நான். பழைய கருவிகளை எறிய மனமின்றி மேசை அறைக்குள் சேர்த்து வைத்திருப்பவனுங்கூட. அந்த உரிமையில், ஈம்ஸ் தம்பதியர் செம்பைக் கேட்ட கேள்விகளையே புதிய கைபேசிகளிடமும் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

தொடக்கத்தில் இந்தக் கருவி கைக்கு அடங்கவே இல்லை. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, நியூயார்க் நகரத் தெருவில் நின்று மோட்டரோலா நிறுவனத்தின் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் பேசிய மாதிரிக் கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1983-இல், அது வாணிபத்திற்கு ஏற்ற வடிவம் பெற்றபோதும் செங்கல்லைப் போன்றே இருந்தது. விலையோ 3,995 டாலர். சுமார் 10 மணி நேரம் மின்னேற்றினால் அரைமணி நேரம் பேசலாம். நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுவே இந்தியாவின் முதல் கைபேசி உரையாடல். அப்போது இது செல்வரின் கருவி. சாமானியருக்கு எட்டாத கனி.

இந்தக் கனி எல்லோர் கைக்கும் எட்டிய கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 2003-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டில் பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 1100 என்னும் எண்ணுள்ள கைபேசியை வெளியிட்டது. அதில் காமிரா இல்லை. வண்ணத் திரையும் இல்லை. இந்தியா போன்ற நாடுகளில் வாழும் மக்களின் தேவையை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது அது. புழுதி புகாதவாறு பொத்தான்கள் ஒரே ரப்பர்த் தகட்டால் மூடப்பட்டிருந்தன. வியர்த்த கையிலிருந்து நழுவாதபடி இருபுறமும் சொரசொரப்பு வைத்திருந்தார்கள். தலைப்பகுதியில் ஒரு சிறு டார்ச் விளக்கு. எடை 86 கிராம். மின்சாரம் போய்விட்ட இரவில் வாசல் தேடுபவருக்கும், வரப்பின் மேல் நடந்து வயலுக்குப் போகிறவருக்கும், வண்டிக்கு அடியில் படுத்துப் பழுது பார்க்கும் லாரி ஓட்டுநருக்கும் அந்த விளக்கு எவ்வளவு உதவியது என்பதை அறியாதவர் நம் நாட்டில் இலர். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. இத்தனைக்கும் பத்திரிகை விளம்பரத்தில் அழகுப் பொருளாகக் காட்டத்தக்க தோற்றம் அதற்கு இல்லை. செம்புக்கும் இல்லையே!

2007-ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட 1200 என்னும் கருவியில் மற்றொரு நுட்பத்தைக் கண்டேன். ஒரு குடும்பமோ ஒரு தெருவோ ஒரே கைபேசியைப் பங்கிட்டுக்கொள்வதை வடிவமைப்பாளர்கள் நேரில் கவனித்திருந்தார்கள். அதனால் ஒரே கருவிக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எண்களைக் குறித்து வைக்கும் வசதியைச் செய்தார்கள். வாங்குபவர் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லாமல், எப்படி வாழ்கிறார் என்று பார்த்துச் செய்ததே இதன் சிறப்பு.

பொத்தான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய கைபேசியில் 5 என்னும் எண்ணின் மேல் சிறு புள்ளி ஒன்று புடைத்து நிற்கும். விரல் அந்தப் புள்ளியைக் கண்டுகொண்டால், மற்ற எண்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணின் துணையின்றியே அறிந்துகொள்ளலாம். பார்வையற்றவருக்கு அது கைத்தடி போன்றது. இருட்டில் நம் அனைவருக்குமே அது கைத்தடிதான். பெண்களின் பாதுகாப்பைக் கருதி இந்திய அரசு 2016-இல் வகுத்த விதி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. 5 அல்லது 9 என்னும் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர உதவிக்கு அழைப்புப் போக வேண்டும் என்றும், எண் பொத்தான்கள் இல்லாத தொடுதிரைக் கருவிகளில் விசையை மூன்று முறை அழுத்தினால் போக வேண்டும் என்றும் அது கூறிற்று. 2017 ஜனவரி முதல் விற்கப்படும் கருவிகளுக்கு அது பொருந்தும். ஆபத்து வேளையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விரல்தான் வழி காட்ட வேண்டும் என்னும் உண்மை அவ்விதிக்குள் அடங்கியிருக்கிறது.

இவ்வளவு சொல்வதால், பொத்தான் போய்க் கண்ணாடித் திரை வந்ததைக் குறை கூறுகிறேன் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. 2007-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்து, கருவியின் முகம் முழுவதையும் ஒரே கண்ணாடியாக்கிற்று. அதனால் நம் நாட்டுக்கு விளைந்த பெரு நன்மை ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பொத்தானில் எழுத்தைப் பொறித்துவிட்டால் பொறித்ததுதான். பன்னிரண்டு பொத்தான்களுக்குள் தமிழ், வங்காளம், ஒரியா, கன்னடம் முதலிய மொழிகளின் எழுத்துகளையெல்லாம் திணிப்பது எங்ஙனம்? ஓர் எழுத்தைப் பெற ஒரே பொத்தானை நான்கைந்து முறை அழுத்த வேண்டியிருந்தது. கண்ணாடியிலோ எந்த மொழியின் எழுத்தையும் எழுதிக் காட்டி, மறுகணமே அழித்துவிட்டு வேறொரு மொழியைக் காட்டலாம். நாட்டின் மூலை முடுக்கெல்லாம் மக்கள் தத்தம் தாய்மொழியில் எழுதிக்கொள்வது இதனால்தான் எளிதாயிற்று. 2009 முதல் ஐபோன்களில் திரையில் உள்ளதைக் குரலால் படித்துச் சொல்லும் ஏற்பாடும் வந்தது. பிற கருவிகளும் அதனைப் பின்பற்றின. பார்வையற்றவருக்கு முதலில் சுவராக நின்ற கண்ணாடியே பின்னர்க் கதவாக மாறிற்று. இவையெல்லாம் மெய்யான முன்னேற்றங்கள்.

ஆனால், முன்னேற்றத்தோடு சேர்ந்து வேறு சில மாறுதல்களும் நுழைந்துவிட்டன. முன்னேற்றத்திற்கு அவை தேவையே இல்லை. நல்ல விருந்தில் பரிமாறுபவர், ஒரு பலகாரத்தை இலையில் வைத்துக்கொண்டே மற்றொன்றை எடுத்துக்கொண்டு போவது போல் இருக்கிறது அது.

முதலாவது, அளவு. முதல் ஐபோனின் திரை மூன்றரை அங்குலம். எடை 135 கிராம். ஒரு கையால் பிடித்து, அக்கையின் கட்டை விரலாலேயே திரையின் எம்மூலையையும் தொடலாம். 2011-இல் சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையோடு நோட் என்னும் கருவியை வெளியிட்டபோது, இது கைபேசியா, பலகையா என்று பலர் நகைத்தார்கள். 2025-இல் வந்த உயர்விலைக் கருவிகளின் திரை 6.9 அங்குலம்; எடை 200 கிராமுக்கு மேல். படம் பார்ப்பதற்கு நன்றுதான். ஆனால் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மறு கையால் இதனை எவ்வாறு கையாளுவார்? சிறிய கையுள்ள பெண்களுக்கும் மூட்டுவலியுள்ள முதியவர்களுக்கும் ஏற்ற அளவில் நல்ல கருவி ஒன்றைக் கடையில் தேடினால் கிடைப்பது அரிதாகிவிட்டது. தூக்கும் கை பெரியதா, சிறியதா என்னும் பழைய கேள்வியை எவரும் கேட்கவில்லை போலும்!

இரண்டாவது, மெலிவு. பரப்பில் அகன்றுகொண்டே போன கருவி, கனத்தில் மெலிய வேண்டும் என்று போட்டி எழுந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் சாம்சங் வெளியிட்ட எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீட்டர் கனமே உள்ளது. ஆப்பிளின் ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர். கையில் எடுத்துப் பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது. அதனை மறுக்க மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே நிறுவனத்தின் அதே அளவு திரையுள்ள எஸ்25 பிளஸ் 7.3 மில்லிமீட்டர் கனம்; அதன் மின்கலம் 4,900 மில்லியாம்பியர்-மணி கொள்ளும். மெலிந்த எட்ஜின் மின்கலமோ 3,900. ஒன்றரை மில்லிமீட்டரைக் குறைப்பதற்காக மின்கலத்தின் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறோம். ஐபோன் ஏர் கருவிக்கு முதுகில் ஒட்டிக்கொள்ளும் தனி மின்கலம் ஒன்றை அந்நிறுவனமே விற்கிறது! அதனை ஒட்டியபின் மெலிவு எங்கே போயிற்று?

இத்தகைய கருவிகளில் காமிரா மட்டும் மெலிய மறுத்து, பின்புறத்தில் மேடு போலப் புடைத்து நிற்கிறது. மேடு ஒரு மூலையில் மட்டும் இருந்துவிட்டால், மேசை மேல் வைத்துத் தொட்டவுடன் கருவி ஆடுகிறது. வைத்த இடத்தில் ஆடும் செம்பை எந்த வீட்டு அம்மாளும் கன்னாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாமோ அதனை விலை கொடுத்து வாங்கி, சமப்படுத்துவதற்கு ஓர் உறையும் வாங்கிப் போடுகிறோம்.

மடிக்கும் கைபேசிகள் 2019-ஆம் ஆண்டு முதல் பெருமளவில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. தொடக்கத்தில் திரைக் கோளாறு காரணமாக வெளியீடே தள்ளிப்போனது. 2025-இல் வந்தது விரித்த நிலையில் 4.2 மில்லிமீட்டர் கனமே உள்ளது. பெரிய திரையைச் சட்டைப் பைக்குள் அடக்குவது நியாயமான நோக்கம். அதனால் இம்முயற்சியை நான் வாழ்த்துகிறேன். விலை இறங்கும் வரை காத்திருக்கவும் செய்கிறேன்.

மூன்றாவது, மின்கலம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. கைபேசியில் உள்ள லித்தியம் மின்கலம் என்றும் இளமையோடிருப்பதன்று. சில நூறு முறை மின்னேற்றிய பிறகு அதன் கொள்திறன் குறையத் தொடங்கும். இது அதன் இரசாயன இயல்பு. பழைய கருவிகளில் நகத்தால் மூடியைத் திறந்து, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். இன்று பெரும்பாலான கருவிகளில் முதுகுக் கண்ணாடியைப் பசையால் ஒட்டி மின்கலத்தைச் சிறை வைத்துவிட்டார்கள். என் கருவி ஒன்றின் மின்கலம் மூன்றாம் ஆண்டில் உப்பிவிட்டது. பழுது பார்க்கும் இடத்தில், சூடு காட்டிப் பசையை இளக்க வேண்டும், கண்ணாடி உடைந்தால் பொறுப்பில்லை என்று கூறி, புதுக் கருவியின் விலையில் பாதியைக் கேட்டார்கள். மற்ற உறுப்புகள் யாவும் செவ்வனே இயங்கிக்கொண்டிருந்த கருவி, இன்று என் மேசை அறைக்குள் மின்கலமின்றிக் கிடக்கிறது.

நீர் புகாதிருக்கவே ஒட்டுகிறோம் என்று தயாரிப்பாளர்கள் சமாதானம் கூறுவதுண்டு. ஆனால், 2014-இல் சாம்சங் வெளியிட்ட எஸ்5 கருவியில் மூடியைக் கையால் கழற்றலாம். அது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் தரமும் பெற்றிருந்தது. 2022-இல் வெளிவந்த எக்ஸ்கவர்6 புரோ என்னும் கருவியும் அத்தகையதே. நெதர்லாந்து நாட்டின் பேர்போன் நிறுவனம், திரையைக்கூட ஒரு சிறு திருப்புளியால் வீட்டிலேயே மாற்றும்படி கைபேசி செய்கிறது. ஆகவே, முடியாதது என்று ஒன்றும் இல்லை, மனம் வேண்டும். அந்த மனத்தை உண்டாக்கச் சட்டங்களும் எழுந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு, அவ்வகையின் விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டுகள் உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கென அரசு ஓர் இணையத்தளம் தொடங்கியது. கைபேசி முதலியவை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கத்தக்கவை என்பதை வாங்குபவருக்கு எண்ணால் காட்டும் ஏற்பாடு பற்றி, ஒரு குழு 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்திருக்கிறது.

நான்காவது, வானொலி. வானொலிப் பேச்சாளன் வானொலிக்குத்தானே பரிந்து பேசுவான் என்று நேயர்கள் புன்னகை செய்யலாம். விஷயத்தைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். எப்.எம். ஒலிபரப்பு சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் வருகிறது. அந்த அலையின் நீளம் 3 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது முக்கால் மீட்டர் அளவுள்ள கம்பி இருந்தால் அலையை நன்கு பற்றிக்கொள்ளலாம். கைபேசியோ ஒரு சாண் அளவே உள்ளது. ஆகவே காதில் மாட்டும் இயர்போனின் கம்பியையே ஏரியலாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரே கம்பி காதுக்குப் பாட்டையும் கொண்டுவரும். காற்றிலிருந்து அப்பாட்டைப் பிடித்தும் தரும். என்ன சிக்கனமான யோசனை, பாருங்கள்! 2016-இல் ஐபோன் 7 இயர்போன் செருகும் துளையைக் கைவிட்டது. பிற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. துளை போயிற்று; அதோடு கம்பி போயிற்று; கம்பியோடு பெரும்பாலான உயர்விலைக் கருவிகளில் வானொலியும் போயிற்று.

இதனால் என்ன குறைந்துவிட்டது, இணையத்தில் கேட்கலாமே என்பார்கள். 2019 மே 3-ஆம் தேதி ஒடிசாவின் பூரிக்கு அருகே பானி புயல் கரை கடந்தபோது என்ன நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மின்கம்பங்கள் சாய்ந்தன, கைபேசிக் கோபுரங்கள் விழுந்தன, பூரியிலும் புவனேசுவரத்திலும் தொடர்பு அறுந்தது. கோபுரம் விழுந்துவிட்டால் இணையமும் இல்லை, பேச்சும் இல்லை. வானொலியோ பல காதத்திற்கு அப்பால் உள்ள ஒலிபரப்பு நிலையத்திலிருந்து, இடையில் எந்தக் கோபுரத்தின் தயவும் இன்றி, நேரே நம் கைக்கு வந்து சேர்கிறது. எத்தனை பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் அதற்கு நெரிசல் என்பது இல்லை, கட்டணமும் இல்லை. இதனை உணர்ந்தே 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், வானொலி வசதியுள்ள கைபேசிகளில் அதனை முடக்கி வைக்கலாகாது, இல்லாதவற்றில் சேர்க்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை வழங்கியது. ஆனால் அது அறிவுரைதான். அதனைக் கட்டளையாக்கும் ஆற்றல் வாங்குபவரிடம் இருக்கிறது.

குறைந்த விலைக் கருவிகள் இவ்வகையில் மேலானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017-இல் வந்த ஜியோபோனில் பொத்தான்களும் இருந்தன, இணையமும் இருந்தது, டார்ச் விளக்கு, வானொலி, கழற்றி மாட்டும் மின்கலம் ஆகியவையும் இருந்தன. பொத்தான் கைபேசி வைத்திருப்பவர்களும் பணம் அனுப்பிப் பெறும் ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்தது. ஏழையின் கைபேசியில் உள்ள வசதி செல்வரின் கைபேசியில் இல்லாமற்போனது நம் காலத்து விந்தைகளுள் ஒன்று.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது, விற்பவர் காமிராவின் புள்ளிக் கணக்கைச் சொல்லி முடித்த பின், நாம் சில கேள்விகள் கேட்போம். இது என் ஒரு கைக்கு அடங்குமா? கண்ணை மூடிக்கொண்டு இதில் ஓர் அவசர அழைப்பைச் செய்ய என்னால் முடியுமா? மூன்றாண்டு கழித்து இதன் மின்கலத்தை யார் மாற்றுவார், என்ன விலைக்கு? கோபுரம் சாய்ந்த நாளில் இது எனக்கு என்ன சொல்லும்? நாம் கேட்காத கேள்விக்கு எந்தத் தயாரிப்பாளரும் விடை தேட மாட்டார். ஒருவர் கேட்டால் விற்பவர் சிரித்துவிட்டுப் போவார். ஆயிரம் பேர் கேட்டால் அச்செய்தி வடிவமைப்பாளரின் மேசைக்குப் போய்ச் சேரும்.

செம்பு அவ்வாறுதான் செம்மை பெற்றது. கழுத்து நழுவுகிறது என்று யாரோ ஒரு பாட்டி கன்னாரிடம் சொல்லியிருப்பாள். வாய் குறுகலாக இருக்கிறது, துலக்க முடியவில்லை என்று வேறொருத்தி சொல்லியிருப்பாள். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆனாலும் அவர்கள் சொன்ன குறைகளின் பலனை நாம் இன்றும் கையில் ஏந்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறோம். கைபேசிக்கு வயது இன்னும் குறைவுதான். அது கைக்கு அடங்கிய கருவியாக வளர்வது, அதனை ஏந்தும் கைகளுக்கு உரியவர்கள் வாய் திறந்து பேசுவதைப் பொறுத்திருக்கிறது.